ஒரு மெய்யெழுத்து

பக்கத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
ஒத்தக்கடையில் இறங்கி உலகனேரிவரை நடந்தால்
ஷேர் ஆட்டோ காசும் மிச்சம்.

இன்றைக்கு வந்த கட்டில் பதினோரு தாள்.
ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கி
அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.
இணைப்பில் இருக்கும் தமிழ்
ஆங்கிலமாகிக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.
ஒன்பது இடத்தில் ஒரே வினைச்சொல்:
அப்ஸ்ட்ரக்ட்.

அகராதி தாராளமாகத்தான் தருகிறது.
தடு. மறி. அடை. முடக்கு. குறுக்கிடு.
எதை வைத்தாலும் செல்லும் என்கிறார்
குமாஸ்தா நாகசுந்தரம்.
எனக்குச் செல்லவில்லை.

தடுக்கக் கை வேண்டும்.
அடிக்க ஓங்கியவன் மணிக்கட்டைப் பிடிப்பதும்
இன்னொரு கரண்டி ரசம் போதுமென்று
இலைமேல் கவிவதும் அதே கை.

மறிக்க முழு உடம்பும் வேண்டும்.
மேலூர் ரோட்டில் காலிக்குடத்தோடு உட்கார்ந்தால்
மறியல் என்று பெயர்.
பேருந்துக்குள் இருப்பவன் வைவான்.
அடுத்த சித்திரையில்
அவன் தெருவே வந்து அங்கே உட்காரும்.

அடைப்பது வேறு ஜாதிச் சொல்.
கதவை அடைக்கலாம், கடனை அடைக்கலாம்,
வாயை அடைக்கலாம்
(சோற்றாலா பணத்தாலா, அது பிறகு).
கோழி முட்டைமேல் கிடந்தால் அடை.
நடந்து நடந்து ஊர் போய்ச் சேர்ந்தால்
அதுவும் அடைவதுதான்.

ஆங்கிலத்துக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.
யார், எதை. இரண்டும் கிடைத்தால் போதும்,
வாக்கியம் முடிந்தது.

யார்: விருமாயி, வயது நாற்பத்திரண்டு,
கீழவெள்ளாங்குளம்.
எதை: அரசு ஊழியரின் பணியை.
குவாரிக்கு மேற்கொண்டு நிலம் அளக்க வந்தபோது
எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்து
இரண்டேகால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.
உடன் ஒரு ஆட்டுக்குட்டி இருந்ததாகவும்
மூன்றாம் தாள் சொல்கிறது.
பழந்தமிழில் ஆட்டுக்குட்டிக்கும் மறி என்றே பெயர்.
இதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது.

ஏழாம் தாள், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை:
'கண்மாய் வரத்துக்கால்
கல் கழிவால் அடைந்து காணப்படுகிறது.'

அடைந்து.
கல் தானாகவே கிளம்பி
மலையிலிருந்து இரண்டு மைல் நடந்து
களைத்துப்போய்க் காலில் படுத்துக்கொண்டதுபோல.

அடைந்து, அடைத்து.
தன்வினை, பிறவினை என்று
ஆறாம் வகுப்பில் நாலு மார்க்குக்கு எழுதினேன்.
மெல்லினம் இருந்தால் ஆள் கிடையாது.
வல்லினம் வந்தால்
யார் என்று கேட்டே ஆக வேண்டும்.
பதினோரு வருஷம் நிரம்பாத கண்மாய்
அந்த ஒரு ந்-க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

நான் அதைத் தொடக் கூடாது.
உள்ளதை உள்ளபடி என்று
ஒவ்வொரு கட்டின் கடைசியிலும்
கையெழுத்துப் போடுகிறவன்.

பத்தாம் தாள், விருமாயி வாக்குமூலம்.
எழுதின ஏட்டு அவசரக்காரர், திருத்தாமல் விட்டிருக்கிறார்:
'கல்லக் கொட்டி அடச்சவன விட்டுட்டு
ஒக்காந்தவளப் புடிக்கிறீக.'

அடச்சவன்.
எழுத்துக் குளறினாலும்
வல்லினம் வல்லினமாகவே நிற்கிறது.

ஜன்னலுக்கு வெளியே யானைமலை
எதையும் மறிக்காமல் படுத்திருந்தது.
டீ ஆறிப்போனது.
அடச்சவனுக்கு நேராக
அதே வினையை வைத்தேன். பத்தாவது முறையாக.
அகராதிப்படி சரி.

நாகசுந்தரம் தாளைப் புரட்டி
அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றினார்.
"வேற வார்த்தை கெடைக்கலயா?
அவங்க போட்டதையே நாமளும் போடணுமா?"
"எத வச்சாலும் செல்லும்னீங்களே."

கோபமா யோசனையா தெரியவில்லை.
கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.
பிறகு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி,
மீதி அஞ்சு ரூபா இருக்குமா என்றார்.

பையைத் துழாவினேன்.
நாணயம் ஏதோ ஒரு மடிப்பில் சிக்கிக்கொண்டு
வர மறுத்தது.